பையனுக்கு மட்டும் ஏன் ஆன்டிபயாடிக் தரவில்லை?

கேள்வி: என் மகனுக்கு 7 வயது, எடை 22 கிலோ. நான்கு நாளாகச் சளி, இருமல், காய்ச்சல். மருத்துவர் பார்த்துவிட்டு, "இது வைரஸ் காய்ச்சல், ஆன்டிபயாடிக் வேண்டாம்" என்று பாராசிட்டமால் மட்டும் எழுதிக் கொடுத்தார். இப்போது சளி பச்சையாக வருகிறது. அதே வாரம் 68 வயதான என் மாமனாருக்கும் காய்ச்சல். சிறுநீர்த் தொற்று என்று சொல்லி, அதே மருத்துவர் அவருக்கு உடனே 7 நாள் ஆன்டிபயாடிக் கொடுத்தார். இரண்டும் கிருமியால் வருவதுதானே, ஏன் இந்த வித்தியாசம்? போன வருடம் எனக்கு இதேபோல் சளிக் காய்ச்சல் வந்தபோது அசித்ரோமைசின் போட்டேன், இரண்டே நாளில் சரியானது. அதில் 500 மில்லிகிராம் மாத்திரை இரண்டு மீதம் இருக்கிறது. பையனுக்குக் கொடுக்கலாமா? மாமனாருக்கு மூன்றாம் நாளே எல்லாம் சரியாகிவிட்டது, மாத்திரையை நிறுத்திவிடலாம் என்கிறார். நிறுத்தலாமா?

பதில்: அன்புள்ள சகோதரி, மீதமிருக்கும் மாத்திரையைப் பையனுக்குக் கொடுக்காதீர்கள். மாமனாரின் மாத்திரையை நிறுத்தாதீர்கள். இரண்டும் உடனே தெரிய வேண்டியவை என்பதால் முதலிலேயே சொல்லிவிட்டேன். காரணங்களை இனிப் பார்ப்போம்.

"கிருமி" என்ற ஒரே சொல்லில் பாக்டீரியாவையும் வைரஸையும் சேர்த்தே சொல்லிப் பழகிவிட்டோம். உண்மையில் இரண்டுக்கும் உள்ள தூரம் மிகப் பெரியது. பாக்டீரியா ஒரு முழு உயிர். ஒரே செல்தான் என்றாலும் சுற்றுச்சுவர் உண்டு, புரதம் தயாரிக்கும் ரைபோசோம் உண்டு, உணவை எடுத்து ஆற்றலாக்கிக்கொள்ளும் ஏற்பாடு உண்டு. இடமும் ஈரமும் உணவும் கிடைத்தால் தானாகவே இரண்டாகப் பிரிந்து பெருகும். வைரஸுக்கு இவற்றில் எதுவும் கிடையாது. ஒரு மரபுப் பொருள், அதைச் சுற்றி ஒரு புரத உறை, சில வைரஸ்களுக்கு அதற்கும் மேல் ஒரு கொழுப்புப் போர்வை, அவ்வளவுதான். நம் செல்லுக்குள் நுழைந்து, நம் செல்லின் கருவிகளைக் கொண்டே தன் நகல்களைச் செய்துகொள்ளும். செல்லுக்கு வெளியே அதனால் பெருக முடியாது.

அளவிலும் அப்படித்தான். சிறுநீர்த் தொற்றுக்குப் பெரும்பாலும் காரணமான ஈ.கோலை பாக்டீரியா சுமார் 2 மைக்ரோமீட்டர் நீளம். ஒரு மில்லிமீட்டருக்குள் ஐந்நூறை வரிசையாக அடுக்கலாம். போலியோ வைரஸின் குறுக்களவு சுமார் 30 நானோமீட்டர் (ஆயிரம் நானோமீட்டர் சேர்ந்தால்தான் ஒரு மைக்ரோமீட்டர்). ஒரே ஒரு ஈ.கோலையின் நீளத்துக்குள் அறுபதுக்கும் மேற்பட்ட போலியோ வைரஸ்கள் அடங்கிவிடும். சாதாரண மைக்ராஸ்கோப்பில் பாக்டீரியா தெரியும், வைரஸ் அநேகமாகத் தெரியாது. 1892-இல் இவனோவ்ஸ்கி என்ற ரஷ்ய விஞ்ஞானி, நோயுற்ற புகையிலைச் செடியின் சாற்றை, பாக்டீரியாவைத் தடுத்துவிடும் நுண்ணிய பீங்கான் வடிகட்டியில் வடித்துப் பார்த்தார். வடிந்த சாறும் நோயைப் பரப்பியது. பாக்டீரியாவை விடச் சிறிய ஏதோ ஒன்று இருக்கிறது என்பதற்குக் கிடைத்த முதல் தடயம் அதுதான்.

ஆன்டிபயாடிக் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் உங்கள் கேள்விகளில் பாதிக்கு விடை கிடைத்துவிடும். பென்சிலின், அமாக்சிசிலின் வகையை எடுத்துக்கொள்வோம். பாக்டீரியாவின் சுவர், சர்க்கரை இழைகளை நீளவாக்கில் ஓடவிட்டு, குறுக்கே சின்னச் சின்னப் புரதத் துண்டுகளால் முடிச்சுப் போட்ட வலை போன்றது. பாக்டீரியா வளரும்போது அந்த வலையை அங்கங்கே அறுத்து, புது இழையை நுழைத்து, மறுபடி முடிச்சுப் போட வேண்டும். முடிச்சுப் போடுவதற்கென்று ஒரு என்சைம், அதாவது வேலை செய்யும் புரதம், இருக்கிறது. பென்சிலின் நேராகப் போய் அந்த என்சைமில் ஒட்டிக்கொண்டு அதை முடக்கிவிடுகிறது. அறுக்கும் வேலை நடந்துகொண்டே இருக்கிறது, கட்டும் வேலை மட்டும் நின்றுவிடுகிறது. பாக்டீரியாவுக்குள் அழுத்தம் எப்போதும் அதிகம். சுவர் நைந்ததும் வெளியிலிருந்து தண்ணீர் உள்ளே பாய்ந்து, அது உப்பி வெடித்துவிடுகிறது. நம் செல்களுக்கு இப்படியொரு சுவரே கிடையாது. அதனால்தான் பென்சிலின் நம்மை விட்டுவிட்டுப் பாக்டீரியாவை மட்டும் தாக்குகிறது.

மற்ற ஆன்டிபயாடிக்குகளும் இதே தத்துவத்தில்தான் இயங்குகின்றன. அசித்ரோமைசினும் டாக்சிசைக்ளினும் பாக்டீரியாவின் ரைபோசோமைப் பிடித்து நிறுத்துகின்றன. அதன் ரைபோசோம் நம்முடையதிலிருந்து வடிவத்தில் வேறுபட்டது என்பதால் இது சாத்தியமாகிறது. சிப்ரோஃப்ளாக்சசின், பாக்டீரியா தன் டி.என்.ஏ.வை முறுக்கவும் பிரிக்கவும் வைத்திருக்கும் என்சைமைத் தடுக்கிறது. ஒவ்வொரு மருந்துக்கும் பாக்டீரியாவுக்குள் ஒரு குறிப்பிட்ட உறுப்புதான் இலக்கு. வைரஸிடம் சுவர் இல்லை, ரைபோசோம் இல்லை, இந்த என்சைம்களும் இல்லை. "வைரஸுக்கு ஆன்டிபயாடிக் கேட்காது" என்று சொல்லும்போது, மருந்தின் வீரியம் போதாது என்று பலர் புரிந்துகொள்கிறார்கள். வீரியம் எவ்வளவு இருந்தாலும் பயனில்லை. மருந்து போய் ஒட்டிக்கொள்ள வேண்டிய இடமே வைரஸில் கிடையாது. ஆகவே "கொஞ்சம் ஸ்ட்ராங்கான ஆன்டிபயாடிக் கொடுங்கள்" என்று கேட்பதிலும் பொருளில்லை.

இப்போது பச்சைச் சளி. பெற்றோரை அதிகம் பயமுறுத்துவது இதுதான், இவ்வளவு பயம் தேவையில்லாததும் இதுதான். மூக்கில் தொற்று வந்ததும் நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணுக்கள் அங்கே கூட்டமாக வந்து சேரும். கிருமியை அழிக்க அவை வைத்திருக்கும் என்சைம்களில் ஒன்றின் நிறமே பச்சை. நம் ரத்தத்தில் இருப்பது போன்ற இரும்புச் சத்துள்ள நிறமி அதில் இருக்கிறது. வெள்ளையணுக்கள் அதிகம் சேரச் சேர, சளி தண்ணீர் போல இருந்தது வெள்ளையாகி, மஞ்சளாகி, பச்சையாகும். இரவெல்லாம் தேங்கி நின்ற சளி காலையில் இன்னும் அடர்ந்த நிறத்தில் வரும். சாதாரண ஜலதோஷ வைரஸிலும் நான்காம், ஐந்தாம் நாளில் இது நடப்பது இயல்பு. பச்சை நிறம் சொல்வது, உடல் சண்டை போடுகிறது என்பதை மட்டும்தான். எதிரி யார் என்பதை நிறம் சொல்லாது.

அப்படியானால் எதை வைத்து முடிவு செய்வது? நோயின் நடையைப் பாருங்கள் என்பதுதான் என் பதில். காய்ச்சல் எத்தனை டிகிரி என்பதை விட, அது நாளுக்கு நாள் எப்படிப் போகிறது என்பதே அதிகம் சொல்லும். வைரஸ் காய்ச்சலிலும் 39, 40 டிகிரி செல்சியஸ் வரை போகலாம். வைரஸ் சளி பொதுவாக மெல்ல ஆரம்பித்து, இரண்டாம், மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போய், பிறகு இறங்கும். காய்ச்சல் மூன்று முதல் ஐந்து நாளில் விடும். மூக்கொழுகல் ஒரு வாரம், பத்து நாள் இருக்கும். இருமல் மட்டும் இரண்டு, மூன்று வாரம் வரை இழுக்கும். காய்ச்சல் விட்டு, குழந்தை விளையாடி, நன்றாகத் தூங்கி, இருமல் மட்டும் மிச்சமிருந்தால் அது ஆறிவரும் மூச்சுக்குழாயின் இருமல். அதற்கு ஆன்டிபயாடிக் தேவையில்லை.

வைரஸ் முதலில் வந்து, அதன்மேல் பாக்டீரியா ஏறிக்கொள்வதும் உண்டு. உங்கள் மனதில் இருக்கும் பயம் இதுதான் என்று நினைக்கிறேன், அது நியாயமான பயமும்கூட. வைரஸ் மூச்சுக்குழாயின் உள்தோலைப் புண்ணாக்கிவிடுவதால் தொண்டையில் ஏற்கெனவே இருக்கும் பாக்டீரியா உள்ளே இறங்க வழி கிடைக்கிறது. 1918-ஆம் ஆண்டின் இன்ஃப்ளூயன்சா கொள்ளைநோயில் இறந்தவர்களில் பெரும்பாலோர் இப்படிப் பின்னால் வந்த பாக்டீரியா நிமோனியாவால்தான் இறந்தார்கள். இதற்கு ஒரு தெளிவான அடையாளம் உண்டு: நோய் குறைந்துவந்து, மறுபடி ஏறுவது. காய்ச்சல் விட்டு ஒன்றிரண்டு நாள் நன்றாக இருந்த குழந்தைக்கு ஐந்தாம், ஆறாம் நாளில் திரும்பவும் காய்ச்சல் அடித்தால் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். சைனஸ் தொற்றிலும் இதே கணக்குதான். மூக்கடைப்பும் சளியும் பத்து நாள் தாண்டியும் துளிகூடக் குறையாமல் இருந்தாலோ, குறைந்து மீண்டும் ஏறினாலோ, ஆரம்பத்திலிருந்தே 39 டிகிரிக்கு மேல் காய்ச்சலும் சீழ் போன்ற சளியும் சேர்ந்து மூன்று, நான்கு நாள் விடாமல் இருந்தாலோதான் பாக்டீரியா என்று நினைக்க இடமிருக்கிறது.

இவற்றுக்கெல்லாம் காத்திராமல் உடனே தூக்கிக்கொண்டு போக வேண்டிய நிலைகளும் உண்டு. குழந்தை அமைதியாக இருக்கும்போதோ தூங்கும்போதோ சட்டையை விலக்கி, நெஞ்சும் வயிறும் ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்காதீர்கள், குழந்தைகளின் மூச்சு ஒரே சீராக இருக்காது. இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை நிமிடத்துக்கு 50, ஒன்று முதல் ஐந்து வயது வரை 40, அதற்கு மேற்பட்ட வயதில் 30-ஐத் தாண்டினால் அது வேகமான மூச்சு. மூச்சு இழுக்கும்போது விலா எலும்புக்குக் கீழே குழி விழுந்தால் எண்ணிக்கை எதுவாக இருந்தாலும் தாமதிக்கக் கூடாது. வலிப்பு, எழுப்ப முடியாத மயக்கம், கழுத்தை வளைக்க முடியாத விறைப்பு, எதைக் குடித்தாலும் வாந்தி, எட்டு மணி நேரமாகச் சிறுநீர் போகாமை, ஐந்து நாளைத் தாண்டும் காய்ச்சல் ஆகியவையும் அப்படியே. உடலில் சிவப்புப் புள்ளிகள் தெரிந்தால் ஒரு கண்ணாடித் தம்ளரின் பக்கத்தை அதன்மேல் அழுத்தி, கண்ணாடி வழியாகப் பாருங்கள். அழுத்தும்போது சிவப்பு மறைந்தால் அவ்வளவு பயமில்லை. மறையாமல் அப்படியே தெரிந்தால், தோலுக்கடியில் ரத்தம் கசிந்திருக்கிறது என்று பொருள். மூளையுறைத் தொற்றிலும் ரத்தத் தொற்றிலும் அப்படி வரலாம், ஒரு மணி நேரம்கூட வீணாக்கக் கூடாது. மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 38 டிகிரி காய்ச்சல் வந்தாலே மருத்துவமனைதான். அங்கே "வைரஸாக இருக்கும்" என்று வீட்டில் ஊகிக்க இடமில்லை.

தொண்டைப் புண்ணைக் கொஞ்சம் தனியாகச் சொல்ல வேண்டும், தவறு அதிகம் நடப்பது அங்கேதான். தொண்டைப் புண்ணில் பெரும்பாலானவை வைரஸால் வருபவை. குழந்தைகளில் சுமார் 20 முதல் 30 சதவீதமும் பெரியவர்களில் 5 முதல் 15 சதவீதமும் ஏ பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற பாக்டீரியாவால் வருகின்றன. இந்தச் சிறுபான்மையைப் பிடித்தே ஆக வேண்டும், ஏனென்றால் சிகிச்சையில்லாமல் விட்டால் சில குழந்தைகளுக்குப் பின்னால் ருமாட்டிக் காய்ச்சல் வந்து இதய வால்வு கெட்டுப்போகலாம். மருத்துவர் நான்கு விஷயங்களைப் பார்ப்பார்: 38 டிகிரிக்கு மேல் காய்ச்சல், டான்சிலில் வீக்கமோ வெள்ளைப் படலமோ, கழுத்தின் முன்பக்கம் தொட்டால் வலிக்கும் நெறிகட்டு, இருமல் இல்லாமை. கடைசியைக் கவனியுங்கள். இருமலும் மூக்கொழுகலும் குரல் கம்மலும் கண் சிவப்பும் சேர்ந்திருந்தால் அது வைரஸ் பக்கம் சாய்கிறது. உங்கள் பையனுக்கு இருமலும் சளியும் இருக்கின்றன. மருத்துவர் அந்த முடிவுக்கு வந்ததில் இதற்குப் பங்கிருக்கும்.

சந்தேகம் இருந்தால் தொண்டையில் பஞ்சுக் குச்சியால் மாதிரி எடுத்துப் பரிசோதிப்பார்கள். இரண்டு டான்சிலிலும், தொண்டையின் பின்சுவரிலும் நன்றாகத் தேய்த்து, நாக்கில் படாமல் குச்சியை எடுக்க வேண்டும். குழந்தை திமிறியதால் நாக்கில் மட்டும் தொட்டு எடுத்த மாதிரி, பாக்டீரியா இருந்தாலும் இல்லை என்று காட்டிவிடும். ஆகவே மடியில் உட்காரவைத்து, நெற்றியையும் கைகளையும் பிடித்துக்கொள்ளுங்கள். முடிவு வர ஒரு நாள், இரண்டு நாள் ஆனாலும் கவலை வேண்டாம். தொண்டை வலி தொடங்கி ஒன்பது நாளுக்குள் மருந்து ஆரம்பித்தாலே ருமாட்டிக் காய்ச்சலைத் தடுக்க முடியும். ஸ்ட்ரெப் என்று உறுதியானால் பென்சிலினோ அமாக்சிசிலினோ 10 நாள். வலி இரண்டாம் நாளே போய்விடும், ஆனாலும் 10 நாளும் கொடுக்க வேண்டும். தொண்டையிலிருந்து அந்தப் பாக்டீரியாவை முழுமையாகத் துடைத்தெடுக்க அவ்வளவு நாள் ஆகிறது. இன்னொன்று: எப்ஸ்டீன்-பார் என்ற வைரஸும் டான்சிலில் இதே போன்ற வெள்ளைப் படலத்தைக் கொண்டுவரும். அதற்கு அமாக்சிசிலின் கொடுத்தால் பலருக்கு உடம்பெல்லாம் சிவந்து தடிக்கும். பிறகு அந்தக் குழந்தைக்கு "பென்சிலின் அலர்ஜி" என்று தவறாக முத்திரை விழுந்து, வாழ்நாள் முழுவதும் ஒரு நல்ல மருந்து கைவிட்டுப் போகிறது.

ரத்தப் பரிசோதனை செய்தால் தெரிந்துவிடாதா என்று பலரும் கேட்கிறார்கள். உதவும், ஆனால் தீர்ப்புச் சொல்லாது. பாக்டீரியாவில் நியூட்ரோஃபில் ஏறும், வைரஸில் லிம்ஃபோசைட் என்ற இன்னொரு வகை வெள்ளையணு ஏறும் என்பது பொது விதி. டைஃபாய்டு பாக்டீரியாதான், ஆனால் அதில் வெள்ளையணுக்கள் ஏறாமலும் குறைந்தும் இருக்கும். கக்குவான் இருமலும் பாக்டீரியாதான், அதில் லிம்ஃபோசைட் எக்கச்சக்கமாக ஏறும். சி.ஆர்.பி. என்ற ரத்தப் புரதத்தின் அளவு பாக்டீரியாத் தொற்றில் உயரும் என்றாலும், முதல் சில மணி நேரங்களில் குறைவாகவே இருக்கும். அடினோ வைரஸில் அதுவும் நன்றாக உயரும். எண்ணை மட்டும் பார்த்துச் சிகிச்சை செய்ய முடியாது. குழந்தையைப் பார்த்து, தொட்டு, நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டவர் சொல்வதற்குத்தான் எடை அதிகம்.

உங்கள் அசித்ரோமைசின் அனுபவத்துக்கு வருகிறேன். மாத்திரையை எத்தனையாவது நாளில் போட்டீர்கள் என்று நினைத்துப் பாருங்கள். பெரும்பாலோர் முதல் இரண்டு நாள் பொறுத்துக்கொண்டு, தாங்க முடியாமல் மூன்றாம் நாள்தான் ஆன்டிபயாடிக் எடுக்கிறார்கள். வைரஸ் சளி தானாகவே உச்சத்தைத் தொட்டு இறங்கத் தொடங்கும் நாளும் அதுதான். ஐந்தாம் நாள் உடம்பு லேசாகும், நன்றி மாத்திரைக்குப் போகும். மாத்திரை போடாமல் இருந்திருந்தாலும் அநேகமாக அதே நாளில்தான் சரியாகியிருக்கும்.

பையனுக்கு அதைக் கொடுக்கக் கூடாது என்பதற்கு இன்னும் காரணங்கள் உண்டு. குழந்தைக்கு அசித்ரோமைசின் அளவு பொதுவாக ஒரு கிலோவுக்கு 10 மில்லிகிராம். 22 கிலோ என்றால் 220. நீங்கள் வைத்திருக்கும் மாத்திரை அதைப் போல இரு மடங்குக்கும் மேல். பயனில்லாத நோய்க்கு இரட்டை அளவு மருந்து கொடுத்து, வயிற்றுவலியையும் வயிற்றுப்போக்கையும் வாங்குவதாக முடியும். அதோடு, அசித்ரோமைசின் உடலிலிருந்து மிக மெதுவாக வெளியேறும் மருந்து. விழுங்குவதை நிறுத்திய பிறகும் திசுக்களில் பல நாள் தங்கி, கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். அந்தக் குறைந்த அளவுதான் பாக்டீரியாவுக்கு நல்ல பயிற்சிக்களம்.

பயிற்சிக்களம் என்று சொன்னதை விளக்குகிறேன். ஈ.கோலை நல்ல சூழலில் 20 நிமிடத்துக்கு ஒரு முறை இரண்டாகும். பத்து மணி நேரத்தில் ஒன்றே ஒன்று நூறு கோடியைத் தாண்டிவிடும். இத்தனை பிரதிகளில் எங்காவது ஒன்றில் எழுத்துப்பிழை போலச் சிறு மாற்றம் நேர்ந்து, அதற்கு மருந்தைத் தாங்கும் சக்தி வந்துவிடலாம். சாதாரண நாளில் கூட்டத்தில் அதற்குத் தனி இடமில்லை. ஆன்டிபயாடிக் உள்ளே போனதும் மற்றவை எல்லாம் மடிந்து, அது மட்டும் பரந்த இடத்தில் பெருகுகிறது. நீங்கள் சளிக்காக விழுங்கிய மாத்திரை மூக்கில் இருக்கும் வைரஸை ஒன்றும் செய்யாது. ஆனால் குடலிலும் தோலிலும் வாழும் கோடிக்கணக்கான நல்ல பாக்டீரியாவின்மேல் இந்த வடிகட்டல் நடந்துவிடும். எதிர்ப்புத் திறன் கொண்ட பாக்டீரியா அந்த ரகசியத்தைத் தன்னோடு வைத்துக்கொள்வதும் இல்லை. பிளாஸ்மிட் என்ற சிறு டி.என்.ஏ. வளையமாக அதைப் பக்கத்து பாக்டீரியாவுக்கு, வேறு இனத்துக்குக்கூடக் கைமாற்றிவிடும். இன்று தேவையில்லாமல் சாப்பிட்டது, சில மாதம் கழித்து உண்மையிலேயே ஒரு சிறுநீர்த் தொற்றோ நிமோனியாவோ வரும்போது "இந்த மருந்து கேட்கவில்லையே" என்று வந்து நிற்கும். 2019-இல் மட்டும் உலகெங்கும் சுமார் 12.7 லட்சம் பேர் மருந்துக்குக் கட்டுப்படாத பாக்டீரியாவால் நேரடியாக இறந்ததாக மதிப்பிட்டிருக்கிறார்கள். பென்சிலினை 1928-இல் கண்டுபிடித்த அலெக்ஸாண்டர் ஃபிளெமிங், 1945-இல் நோபல் பரிசு உரையிலேயே, குறைந்த அளவில் மருந்து எடுத்துக் கிருமியைப் பழக்கிவிடும் ஆபத்தைச் சுட்டிக்காட்டினார்.

வைரஸுக்கு மருந்தே இல்லை என்றும் நினைத்துவிடாதீர்கள். குறைவு, அவ்வளவுதான். வைரஸ் நம் செல்லின் கருவிகளைப் பயன்படுத்துவதால், அதை அடிக்கப் போனால் நம் செல்லுக்கே அடி விழும். வைரஸுக்கு மட்டுமே சொந்தமான ஏதாவது ஒரு புரதத்தைக் கண்டுபிடித்து அதைக் குறிவைக்க வேண்டும். அக்கிக்கும் ஹெர்ப்பிஸுக்கும் தரும் அசைக்ளோவிர் இதில் அழகான மருந்து. அது விழித்தெழாத நிலையில்தான் செல்லுக்குள் போகிறது. ஹெர்ப்பிஸ் வகை வைரஸின் என்சைம் ஒன்று அதைத் தொட்டால்தான் வேலை செய்யத் தொடங்கும். வைரஸ் இல்லாத செல்லில் அநேகமாகச் சும்மா இருந்துவிட்டு வெளியேறிவிடும். அக்கியில் கொப்புளம் தோன்றிய 72 மணி நேரத்துக்குள் அதைத் தொடங்க வேண்டும். இன்ஃப்ளூயன்சாவுக்கு ஒசெல்டாமிவிர், அறிகுறி தொடங்கி 48 மணி நேரத்துக்குள் எடுத்தால் நல்ல பலன். கர்ப்பிணிகள், முதியோர், மருத்துவமனையில் சேர்க்கும் அளவுக்கு மோசமானவர்களுக்கு அதற்குப் பிறகும் தருவார்கள். ஹெபடைட்டிஸ் சி-யை 8 முதல் 12 வாரங்களில் பெரும்பாலும் முழுதாகக் குணப்படுத்தலாம். எச்.ஐ.வி.யை ஒழிக்க முடியாது, தினமும் மருந்து எடுத்து அடக்கி வைக்கலாம். ஆக, எந்த வைரஸ் என்று தெரிந்து, அதற்குரிய மருந்தைக் கொடுக்க வேண்டும். எல்லா வைரஸுக்கும் பொதுவான மாத்திரை என்று ஒன்று கிடையாது.

ஜலதோஷத்துக்கு அப்படி ஒரு மருந்து இல்லை. அங்கே வேலையைச் செய்வது உடல்தான். நாம் செய்ய வேண்டியது குழந்தையின் உபத்திரவத்தைக் குறைப்பது. பாராசிட்டமால் ஒரு கிலோவுக்கு ஒரு வேளைக்கு 15 மில்லிகிராம் வரை. உங்கள் மகனின் எடைக்கு 330. சிரப் பாட்டிலில் 5 மில்லிக்கு 250 மில்லிகிராம் என்று இருந்தால் 6.5 மில்லி போதும். 5 மில்லிக்கு 120 என்று இருந்தால் 13 மில்லிக்குச் சற்று மேல் வரும். இரண்டு பாட்டிலும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். அளவுப் பிசகு நடப்பது இங்கேதான். ஒவ்வொரு முறையும் லேபிளைப் படியுங்கள், சமையலறைக் கரண்டியில் ஊற்றாமல் பாட்டிலோடு வந்த மூடியிலோ சிரிஞ்சிலோ அளந்து கொடுங்கள். ஆறு மணி நேர இடைவெளி, 24 மணி நேரத்தில் நான்கு முறைக்கு மேல் வேண்டாம். குழந்தை சோர்ந்து கிடந்தால் கொடுக்கத்தான் மருந்து. 38 டிகிரியிலும் ஓடியாடினால் கொடுத்தே ஆக வேண்டும் என்பதில்லை. ஆஸ்பிரின் மட்டும் குழந்தைகளுக்குக் கூடவே கூடாது. வைரஸ் காய்ச்சலில் அது ரே சிண்ட்ரோம் என்ற, கல்லீரலையும் மூளையையும் பாதிக்கும் ஆபத்தைக் கொண்டுவரும்.

வாந்தி, வயிற்றுப்போக்கு வந்தாலும் குழந்தைகளில் பெரும்பாலும் வைரஸ்தான் காரணம். அப்போது உயிரைக் காப்பது ஓ.ஆர்.எஸ். கரைசல். பாக்கெட்டில் எவ்வளவு தண்ணீர் என்று போட்டிருக்கிறதோ அவ்வளவில் முழுப் பாக்கெட்டையும் ஒரே முறையாகக் கரைக்க வேண்டும். ஒரு தம்ளருக்குக் கொஞ்சம் என்று தூவினால் உப்பின் அளவு கூடிப்போய் நிலைமை மோசமாகும். மலத்தில் ரத்தம் வந்தால் பாக்டீரியாவாக இருக்கலாம், காட்டிவிடுங்கள்.

கடைசியாக மாமனார். சிறுநீர்த் தொற்று அநேகமாக எப்போதும் பாக்டீரியாதான். அதனால்தான் மருத்துவர் தயங்காமல் ஆன்டிபயாடிக் எழுதினார். மூன்றாம் நாள் எரிச்சலும் காய்ச்சலும் போய்விட்டது என்றால், மருந்து சரியாகப் பிடித்திருக்கிறது என்று பொருள். பாக்டீரியாவின் எண்ணிக்கை தொந்தரவு தராத அளவுக்கு இறங்கியிருக்கிறது, தீர்ந்துவிடவில்லை. ஆண்களில், அதிலும் வயதானவர்களில், புராஸ்டேட் சுரப்பியில் கிருமி ஒளிந்துகொள்ள இடம் உண்டு. அங்கே மருந்து மெதுவாகத்தான் ஊடுருவும். ஆகவே பெண்களின் சாதாரண சிறுநீர்த் தொற்றுக்கு மூன்று, ஐந்து நாள் போதும் என்றாலும் ஆண்களுக்குக் குறைந்தது 7 நாள் கொடுக்கிறோம். எந்த நோய்க்கு எத்தனை நாள் என்பது கிருமியையும் இடத்தையும் பொறுத்தது. சாதாரண நிமோனியாவுக்குப் பல நேரம் ஐந்து நாளே போதும், காசநோய்க்கு ஆறு மாதம். நாளைக் குறைப்பதா என்பதை மருத்துவரே சொல்லட்டும், தேறிவிட்டோம் என்ற உணர்வை வைத்து நீங்களே நிறுத்த வேண்டாம். வேளை தவறிவிட்டால் ஞாபகம் வந்ததும் போடலாம். அடுத்த வேளை நெருங்கிவிட்டிருந்தால் விட்டதை விட்டுவிட்டு வழக்கம்போலத் தொடர வேண்டும், இரண்டையும் சேர்த்துப் போடக் கூடாது.

சிறுநீரைக் கல்ச்சருக்கு, அதாவது அதிலுள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் பரிசோதனைக்கு, கொடுத்திருக்கிறீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. முதல் மாத்திரைக்கு முன்பே கொடுத்திருந்தால் அதன் முடிவை மறக்காமல் கேட்டு வாங்குங்கள். கிருமி வளர ஒன்றிரண்டு நாளும், எந்த மருந்துக்கு அது கட்டுப்படும் என்று பார்க்க இன்னொரு நாளும் ஆகும். முடிவில், அவர் சாப்பிடும் மருந்தின் பெயருக்கு நேரே கிருமி கட்டுப்படாது என்று இருந்தால் மருத்துவரிடம் சொல்லி மாற்றிக்கொள்ள வேண்டும். இனி எப்போதாவது கொடுக்க நேர்ந்தால், முதலில் வரும் சிறுநீரைக் கொஞ்சம் விட்டுவிட்டு, நடுவில் வருவதைக் கிருமி நீக்கிய டப்பாவில் பிடித்து, இரண்டு மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். முடியாவிட்டால் ஃபிரிட்ஜில் வைக்கலாம். வெளியில் வைத்தால் தோலிலிருந்து தவறி விழுந்த நாலைந்து பாக்டீரியா அந்த டப்பாவுக்குள்ளேயே பெருகி, இல்லாத நோயை இருப்பதாகக் காட்டும்.

7 நாள் முடிந்து அவருக்கு எரிச்சல், காய்ச்சல், அடிக்கடி போகும் உணர்வு எதுவும் இல்லையென்றால் "சுத்தமாகிவிட்டதா பார்ப்போம்" என்று மறுபடி சிறுநீர் பரிசோதனை செய்யத் தேவையில்லை. வயதானவர்கள் பலரின் சிறுநீரில் எந்தத் தொந்தரவும் தராமல் பாக்டீரியா குடியிருக்கும். சிறுநீர்ப் பாதையில் அறுவை சிகிச்சை செய்யப்போவது போன்ற சில நிலைகளைத் தவிர, அதற்கு ஆன்டிபயாடிக் கொடுப்பதில்லை. எரிச்சலோ காய்ச்சலோ திரும்பினால் மட்டும், புது மாத்திரை போடுவதற்கு முன் கல்ச்சர் கொடுத்துவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.